நரம்பு அழற்சி: மருந்து வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

சிஐடிபி என்ற நாட்பட்ட நரம்பு அழற்சியில், உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையைத் தாக்குகிறது. கை, கால் பலம் எட்டு வாரங்களுக்கும் மேலாகப் படிப்படியாகக் குறையும். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம் என்று சிகிச்சைகள் உண்டு.

டாக்டர் கையைத் தள்ளிப் பார்த்துவிட்டு ‘4’ என்று எழுதுகிறாரே, அது என்ன?

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வகுத்த அளவு அது. தசையில் சுருக்கமே இல்லையென்றால் 0, முழுப் பலம் இருந்தால் 5. தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என ஆறு இடங்களில் இரு பக்கமும் பார்த்துக் கூட்டினால் மொத்தம் 60. ஆனால் இந்த 4 கொஞ்சம் ஏமாற்றும். லேசான தளர்ச்சியும் 4தான், கணிசமான தளர்ச்சியும் 4தான். அதனால்தான் ரப்பர் குமிழையோ பிடிமானக் கருவியையோ அழுத்தச் சொல்லி, கைப்பிடியின் பலத்தைத் தனியாகக் குறிக்கிறார்கள். ரப்பர் குமிழ்க் கருவியில் 8 கிலோபாஸ்கல் மாறினால் பொருட்படுத்த வேண்டிய மாற்றம் என்பது வழக்கம்.

பலம் கூடியிருக்கிறது என்கிறார்கள். எனக்கு ஒன்றும் செய்ய முடியவில்லையே?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். கால் தசை நன்றாக இருந்தும், பாதத்தில் உணர்ச்சி மங்கினால் இருட்டில் தள்ளாடும். இதைத் தசைச் சோதனை காட்டாது. அன்றாடச் செயல்களை அளப்பதற்கு ‘இன்கேட்’ என்ற அளவு இருக்கிறது. கைக்கு 5, காலுக்கு 5, ஆக மொத்தம் 10. எண் கூடினால் இயலாமை கூடுகிறது என்று பொருள். வெளியே நடக்க ஒரு பக்கம் மட்டும் கோலோ துணையோ வேண்டுமென்றால் காலுக்கு 2. இரு பக்கமும் வேண்டுமென்றால் 3. கைக்கு, பட்டன் போடுவது, தலை வாருவது, சில்லறை எடுப்பது, கத்தியும் முள்கரண்டியும் பிடிப்பது பற்றிக் கேட்பார்கள். முள்கரண்டியைத் தொடாதவரிடம் இந்தக் கடைசிக் கேள்விக்கு அர்த்தமில்லை. சோறு பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடிகிறதா என்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு எண் குறைந்தால் பெரிய முன்னேற்றமா?

கோலை விட்டுவிட்டு நடப்பவருக்கு அது பெரிய விஷயம். 2008இல் வெளியான ‘ஐஸ்’ ஆய்வில் 117 பேர் கலந்துகொண்டார்கள். இன்கேட் அளவில் ஒரு எண்ணாவது முன்னேறி, அது 24 வாரம் வரை நிலைத்தால்தான் பலன் என்று கொண்டார்கள். இம்யூனோகுளோபுலின் பெற்றவர்களில் 54 சதவீதம் பேருக்கும், போலி மருந்து பெற்றவர்களில் 21 சதவீதம் பேருக்கும் அந்தப் பலன் கிடைத்தது. கையில் 1இலிருந்து 0க்கு வந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த மாற்றத்தால் அன்றாடச் செயல் எதுவும் மாறுவதில்லை.

அடுத்த டோஸ் நெருங்கும்போது மறுபடி தளர்கிறது. மருந்து தோற்றுவிட்டதா?

அப்படி முடிவுகட்ட வேண்டாம். மருந்தின் தாக்கம் தேய்ந்துவருவதாகவும் இருக்கலாம். கைப்பிடிக் கருவி கிடைத்தால், தினமும் ஒரே நேரத்தில், ஒரே கையில் அளந்து நோட்டில் குறித்துவையுங்கள். அதைப் பார்த்து இடைவெளியையோ அளவையோ டாக்டர் மாற்றலாம்.

எப்போது அளக்க வேண்டும்?

முதல் டோஸுக்கு முன்பே. எடையில் ஒரு கிலோவுக்கு 2 கிராம் என்று தொடங்கும் விலையுயர்ந்த மருந்து இம்யூனோகுளோபுலின். ஆரம்ப எண் இல்லாமல், தொடர்வதா நிறுத்துவதா என்று பிறகு எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நோய் அடங்கியிருக்கிறதா என்று பார்க்க மருந்தைக் குறைத்துப் பார்க்கும்போதும் அதே அளவுகள்தான் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘நல்ல முன்னேற்றம்’ என்று மட்டும் இருந்தால், எண்களையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.