ஏ.எஃப்.சி. கோப்பையின் குழு நிலையும் தமிழ்நாட்டுக் கழகங்களும் (2019, 2020)

குழு நிலை என்பது கால்பந்துத் தொடர்களில், பங்கேற்கும் அணிகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்குள்ளும் எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதும்படி அமைக்கப்படும் கட்டமாகும். ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் தொடரிலும் இம்முறை பின்பற்றப்பட்டது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்திய ஏ.எஃப்.சி. கோப்பையிலும் இதுவே பின்பற்றப்பட்டது. தமிழ்நாட்டைச் சேர்ந்த இரண்டு கழகங்கள் இக்கோப்பையின் குழு நிலையில் ஆடியுள்ளன. 2019 இல் சென்னையின் எஃப்.சி., 2020 இல் சென்னை சிட்டி எஃப்.சி. இவ்விரு கழகங்களின் ஆட்டங்களைக் கொண்டு குழு நிலை எப்படி இயங்குகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குழு நிலையின் தேவை

சிவகங்கை மாவட்டத்தில் ஒக்கூர், காரைக்குடி போன்ற ஊர்ப்புறங்களில் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் நடத்தப்படும் கபடி, கைப்பந்து, கால்பந்துப் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட் முறையில் அமைந்தவை. தோற்ற அணி அன்றே ஊர் திரும்பிவிடும். ஓரிரு நாட்களில் போட்டியை முடிக்க வேண்டியவர்களுக்கு இது ஏற்ற முறை. ஆனால் நல்ல அணி ஒன்று ஒருநாள் சறுக்கினால், அது திருத்திக்கொள்ள வாய்ப்பே இருக்காது.

குழு நிலை அந்த வாய்ப்பைத் தருகிறது. நான்கு அணிகள் நாக்-அவுட் முறையில் ஆடினால் 3 ஆட்டங்களில் வெற்றியாளர் யார் என்று தெரிந்துவிடும். அதே நான்கு அணிகள் குழுவாக, ஒவ்வோர் எதிரணியுடனும் சொந்தத் திடலில் ஒருமுறையும் எதிரணியின் திடலில் ஒருமுறையும் ஆடினால் 4 × 3 = 12 ஆட்டங்கள் நடக்கும். ஓர் அணிக்கு 6 ஆட்டங்கள் கிடைக்கும். வெற்றிக்கு 3 புள்ளிகள், சமனுக்கு 1 புள்ளி, தோல்விக்குப் புள்ளி இல்லை. ஆகவே ஓர் அணி பெறக்கூடிய மிக உயர்ந்த புள்ளி 18.

ஐரோப்பாவில் வளர்ந்த விதம்

ஐரோப்பியக் கோப்பைத் தொடர் நெடுங்காலம் நாக்-அவுட் முறையிலேயே நடந்தது. 1991-92 பருவத்தில்தான் முதன்முதலாகக் குழு நிலை சேர்க்கப்பட்டது. எட்டு அணிகள் இரண்டு குழுக்களாக ஆடின. இரு குழுக்களிலும் முதலிடம் பெற்ற பார்சிலோனாவும் சாம்ப்டோரியாவும் இறுதியாட்டத்தில் மோதின. அடுத்த பருவத்தில் தொடரின் பெயர் சாம்பியன்ஸ் லீக் என மாறியது. 1999-2000 பருவத்தில் குழு நிலை 32 அணிகளுக்கு விரிந்தது. 2003-04 முதல் 2023-24 வரை, 8 குழுக்கள், குழுவுக்கு 4 அணிகள், ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிகளுக்கு அடுத்த சுற்று என்னும் அமைப்பு மாறாமல் இருந்தது. 2024-25 முதல் குழுக்கள் நீக்கப்பட்டன. 36 அணிகளும் ஒரே பட்டியலில் இடம்பெற்று ஆளுக்கு 8 ஆட்டங்கள் ஆடுகின்றன.

ஏ.எஃப்.சி. கோப்பை

ஏ.எஃப்.சி. கோப்பை 2004 இல் தொடங்கி 2023-24 வரை நடந்தது. ஆசிய சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த நிலையிலிருந்த கழகத் தொடர் இது. ஆசியாவின் பரப்பு மிகப் பெரியது என்பதால் 2017 முதல் அணிகள் மண்டலவாரியாகப் பிரிக்கப்பட்டன. மேற்குப் பகுதியைச் சேர்ந்த அணிகள் தங்களுக்குள் மோத, பிற மண்டலங்களின் வாகையர் ‘மண்டலங்களுக்கிடையிலான’ சுற்றில் சந்தித்தனர். தெற்காசிய மண்டலத்துக்கு ஒரே ஒரு குழு. அதிலிருந்து முதலிடம் பெறும் அணி மட்டுமே மேலே செல்லும். இந்த விதியே 2019 இல் சென்னையின் அணியின் தலைவிதியைத் தீர்மானித்தது.

2019: ‘ஈ’ குழு

சென்னையின் எஃப்.சி. 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் நடந்த இறுதியாட்டத்தில் பெங்களூரு எஃப்.சி.யை 3-2 என வென்று 2017-18 இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தைப் பெற்றது. அதன் பயனாக ஏ.எஃப்.சி. கோப்பையின் தகுதிச் சுற்றில் இடம் கிடைத்தது. 2019 மார்ச்சில் இலங்கையின் கொழும்பு எஃப்.சி.யுடன் கொழும்பில் 0-0 எனச் சமன் செய்து, மறு ஆட்டத்தில் 1-0 என வென்று குழு நிலைக்குள் நுழைந்தது.

‘ஈ’ குழுவில் உடனிருந்தவை வங்கதேசத்தின் டாக்கா அபகானி, நேபாளத்தின் மனாங் மர்ஸ்யாங்டி, 2017-18 ஐ-லீக் வாகையரான மினர்வா பஞ்சாப் ஆகியவை. சென்னையின் அணி அப்போது நல்ல நிலையில் இல்லை. 2018-19 சூப்பர் லீக்கில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டுமே பெற்றுக் கடைசி இடத்தில் முடித்திருந்தது. ஆயினும் ஆசியத் தொடரில் அதன் ஆட்டம் வேறுவிதமாக இருந்தது.

சென்னையின் அணியின் ஆறு ஆட்டங்கள்:

1. மினர்வா பஞ்சாப் (சொந்தத் திடல்): 0-0 சமன்
2. மனாங் மர்ஸ்யாங்டி (சொந்தத் திடல்): 2-0 வெற்றி
3. அபகானி (சொந்தத் திடல்): 1-0 வெற்றி
4. அபகானி (டாக்கா): 2-3 தோல்வி
5. மினர்வா பஞ்சாப் (குவஹாத்தி): 1-1 சமன்
6. மனாங் மர்ஸ்யாங்டி (காத்மாண்டு): 3-2 வெற்றி

ஐந்து ஆட்டங்கள் முடிந்தபோது அபகானி 10 புள்ளிகளுடன் முதலிடத்திலும், சென்னையின் அணி 8 புள்ளிகளுடன் இரண்டாம் இடத்திலும் இருந்தன. கடைசி ஆட்ட நாள் ஜூன் 26. காத்மாண்டுவில் சென்னையின் அணி வென்றே ஆக வேண்டும். குவஹாத்தியில் மினர்வாவிடம் அபகானி வெல்லாமலும் இருக்க வேண்டும். முதல் நிபந்தனையைச் சென்னையின் அணி நிறைவேற்றியது. குவஹாத்தியில் ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்த ஒரே கோலால் அபகானி 1-0 என வென்றது.

இறுதிப் பட்டியல்:

அபகானி: 4 வெற்றி, 1 சமன், 1 தோல்வி, 13 புள்ளிகள்
சென்னையின்: 3 வெற்றி, 2 சமன், 1 தோல்வி, 11 புள்ளிகள்
மினர்வா பஞ்சாப்: 5 சமன், 1 தோல்வி, 5 புள்ளிகள்
மனாங் மர்ஸ்யாங்டி: 2 சமன், 4 தோல்வி, 2 புள்ளிகள்

ஆறு ஆட்டங்களில் ஒரே ஒரு தோல்வியுடன் சென்னையின் அணி வெளியேறியது. அபகானி இக்கோப்பையில் குழு நிலையைக் கடந்த முதல் வங்கதேசக் கழகமானது.

புள்ளிகள் சமமானால்

குவஹாத்தி ஆட்டம் சமனில் முடிந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று. அபகானிக்கும் சென்னையின் அணிக்கும் தலா 11 புள்ளிகள் இருந்திருக்கும். அந்நிலையில் ஏ.எஃப்.சி. விதிப்படி, முதலில் அவ்விரு அணிகளும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களைத்தான் பார்க்க வேண்டும். இரண்டும் ஒவ்வொரு வெற்றி பெற்றிருந்தன. அவ்விரு ஆட்டங்களின் மொத்த கோல்களும் 3-3 எனச் சமம். அடுத்ததாக, எதிரணியின் திடலில் அடித்த கோல்கள். சென்னையின் அணி டாக்காவில் 2 கோல்கள் அடித்திருந்தது; அபகானி இங்கே வந்து ஒன்றும் அடிக்கவில்லை. ஆகவே சென்னையின் அணியே முதலிடம் பெற்றிருக்கும். டாக்காவில் தோற்ற ஆட்டத்தில் அடித்த அந்த இரு கோல்களும் கடைசி நாள்வரை உயிரோடு இருந்தன. தோற்றாலும் கோல் அடித்துத் தோற்பது குழு நிலையில் வீண் போகாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நேருக்கு நேர் விதியின் வலிமையை 2022 மே மாதம் கொல்கத்தாவில் நடந்த தெற்காசியக் குழுவிலும் காணலாம். பெருந்தொற்றின் தாக்கத்தால் அவ்வாண்டு ஒரே ஊரில், அணிக்கு 3 ஆட்டங்கள் மட்டும் நடந்தன. கேரளத்தின் கோகுலம் அணி முதல் ஆட்டத்தில் ஏ.டி.கே. மோகன் பகான் அணியை 4-2 என வீழ்த்தியது. பிறகு மாலத்தீவின் மாசியாவிடம் 0-1, வங்கதேசத்தின் பசுந்தரா கிங்ஸிடம் 1-2 எனத் தோற்றது. கோகுலத்துக்கும் மாசியாவுக்கும் தலா 3 புள்ளிகள். கோல் வேறுபாட்டில் கோகுலமே மேல். ஆனால் நேருக்கு நேர் ஆட்டத்தில் வென்றதால் மாசியா மூன்றாம் இடம் பெற, கோகுலம் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டது. முதல் ஆட்டத்தில் தோற்ற மோகன் பகான், மற்ற இரண்டையும் வென்று குழுவில் முதலிடம் பிடித்தது.

கடைசி நாள் ஆட்டங்களை ஒரே நேரத்தில் தொடங்கும் வழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியா தன் கடைசிக் குழு ஆட்டத்தை முந்தைய நாளே முடித்துவிட்டது. மறுநாள் ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் ஆடிய மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், 1-0 என்ற முடிவு இருவரையும் அடுத்த சுற்றுக்கு அனுப்பும் என்பதை அறிந்திருந்தன. தொடக்கத்திலேயே அந்தக் கோல் விழுந்தபின் இரு அணிகளும் முனைப்பின்றி ஆடின, அல்ஜீரியா வெளியேறியது. அதன்பின் ஒரு குழுவின் கடைசி இரு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் நடத்துவது உலகக் கோப்பையில் விதியாயிற்று. பிற தொடர்களும் அதைப் பின்பற்றின.

எத்தனை அணிகளுக்கு வழி?

குழு நிலை இரண்டாம் வாய்ப்பைத் தருகிறது என்றோம். அந்த வாய்ப்பு எவ்வளவு பெரியது என்பது, குழுவிலிருந்து எத்தனை அணிகள் மேலே செல்லலாம் என்பதைப் பொறுத்தது.

2016 இல் ஏ.எஃப்.சி. கோப்பையில் ஒவ்வொரு குழுவிலிருந்தும் இரண்டு அணிகள் முன்னேறின. அவ்வாண்டு பெங்களூரு எஃப்.சி. 6 ஆட்டங்களில் 3 வெற்றி, 3 தோல்வி கண்டு 9 புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பெற்றது. குழுவில் அதை இருமுறையும் வீழ்த்திய மலேசியாவின் ஜொகூர் தாருல் தாக்சிம் அணியை அரையிறுதியில் பழிதீர்த்து, இறுதியாட்டம்வரை சென்றது. இந்தியக் கழகம் ஒன்று இக்கோப்பையின் இறுதியாட்டத்தில் ஆடியது அதுவே முதல் முறை. தோஹாவில் ஈராக்கின் விமானப்படை அணியிடம் 0-1 எனத் தோற்றது. மூன்று தோல்விகளுடன் 9 புள்ளிகள் பெற்ற பெங்களூரு இறுதிக்குச் சென்றது. மூன்றாண்டுகளுக்குப் பின் ஒரே தோல்வியுடன் 11 புள்ளிகள் பெற்ற சென்னையின் அணி ஊர் திரும்பியது. இடையில் மாறியது விதி.

குழுவின் கடினமும் ஒரு காரணம். 2013-14 ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் இத்தாலியின் நாப்போலி 12 புள்ளிகள் பெற்றும் வெளியேறியது. டோர்ட்மண்ட், ஆர்சனல் அணிகளும் அதே 12 புள்ளிகள் பெற்றிருந்தன. அதே பருவத்தில் வேறொரு குழுவில் ரஷ்யாவின் ஜெனித் 6 புள்ளிகளுடன் அடுத்த சுற்றுக்குச் சென்றது. எந்தக் குழுவில் இடம் விழுகிறது என்பதைத் தீர்மானிக்கும் குலுக்கலுக்கு இவ்வளவு முக்கியத்துவம் தரப்படுவது இதனால்தான்.

2020: சென்னை சிட்டி

1946 இல் தொடங்கப்பட்ட சென்னை சிட்டி எஃப்.சி., கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கைச் சொந்தத் திடலாகக் கொண்டு ஐ-லீக்கில் ஆடியது. 2019 மார்ச் 9 அன்று, பருவத்தின் கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்று (43-42) ஐ-லீக் பட்டத்தை வென்றது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்றுநராக இருந்தார். பெட்ரோ மான்சி 21 கோல்கள் அடித்திருந்தார்.

இப்பட்டத்தால் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் ஆட இடம் கிடைத்தது. 2020 ஜனவரி 14 அன்று பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 எனத் தோற்றது. அது நாக்-அவுட் ஆட்டம் என்பதால் ஒரு கோலோடு அக்கதவு மூடியது. தோற்ற அணிக்கு ஏ.எஃப்.சி. கோப்பையின் குழு நிலையில் இடமுண்டு என்ற விதிப்படி, சென்னை சிட்டி ‘ஈ’ குழுவில் சேர்ந்தது. உடனிருந்தவை பசுந்தரா கிங்ஸ், மாலத்தீவின் டி.சி. ஸ்போர்ட்ஸ், மாசியா. இவற்றுள் மாசியா, தகுதிச் சுற்றில் பெங்களூரு எஃப்.சி.யைப் பெனால்டி முறையில் வென்று வந்த அணி.

மார்ச் 11 அன்று முதல் ஆட்டத்தில் சென்னை சிட்டி மாசியாவுடன் 2-2 எனச் சமன் செய்தது. அதே நாள் டாக்காவில் பசுந்தரா கிங்ஸ் டி.சி. ஸ்போர்ட்ஸை 5-1 என வென்றது. அர்ஜென்டினாவின் எர்னான் பார்கோஸ் நான்கு கோல்கள் அடித்தார். குழு நிலையின் கணக்குப்படி இன்னும் ஐந்து ஆட்டங்கள், 15 புள்ளிகள் காத்திருந்தன. ஆனால் கொரோனா பரவலால் தொடர் நிறுத்தப்பட்டது. மீதி ஆட்டங்களை மாலத்தீவில் ஒரே இடத்தில் நடத்தத் திட்டமிட்டும், செப்டம்பர் 10 அன்று தொடர் முழுவதும் கைவிடப்பட்டது. சென்னை சிட்டியின் ஏ.எஃப்.சி. கோப்பைக் கணக்கு ஓர் ஆட்டம், ஒரு புள்ளி என்றே நின்றுவிட்டது. 2021-22 பருவ ஐ-லீக்கில் அக்கழகம் இடம்பெறவில்லை.

சொந்தத் திடல்

இரண்டு கழகங்களின் ‘சொந்தத் திடல்’ ஆட்டங்களும் தமிழ்நாட்டில் நடக்கவில்லை. குஜராத்தின் அகமதாபாத்தில் நடந்தன. சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஊர் அது. குழு நிலையில் சொந்தத் திடல் ஆட்டம் என்பது பழகிய புல்தரை, பயண அலைச்சல் இன்மை, சொந்த ஊர் மக்களின் ஆரவாரம் ஆகிய மூன்றையும் சேர்த்தே குறிக்கும். தமிழ்நாட்டுக் கழகங்கள் அந்த மூன்றுமின்றியே ஆடின. அப்படியிருந்தும் 2019 இல் அகமதாபாத்தில் ஆடிய மூன்று குழு ஆட்டங்களிலும் சென்னையின் அணி ஒரு கோல்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

2024-25 முதல் ஏ.எஃப்.சி. கோப்பையின் இடத்தை ‘ஆசிய சாம்பியன்ஸ் லீக் இரண்டு’ என்னும் தொடர் எடுத்துக்கொண்டுள்ளது. அதிலும் நான்கு அணிகள் கொண்ட குழுக்களே உள்ளன. ஆனால் ஒவ்வொரு குழுவிலிருந்தும் இரண்டு அணிகள் முன்னேறுகின்றன. 2019 இல் இந்த விதி இருந்திருந்தால், 11 புள்ளிகளுடன் சென்னையின் அணி அடுத்த சுற்றில் ஆடியிருக்கும்.