வெம்மையில் இளகும் படிகங்கள்

பழனி மலைத்தொடரில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில், கொடைக்கானல் ஞாயிற்று ஆய்வகம் 1899 முதல் இயங்கி வருகிறது. சென்னை வானாய்வகத்திலிருந்து மலையேறிய பழங்கருவிகளுள் ஒன்று, இலண்டன் வினைஞர் ஜான் ஷெல்டன் பதினெட்டாம் நூற்றாண்டில் செய்த ஊசற் கடிகாரம். அவருடைய வானியல் கடிகாரங்களின் ஊசலில் எஃகுத் தண்டுகளும் பித்தளைத் தண்டுகளும் மாறிமாறி நிற்கும். எஃகு கீழ்நோக்கி நீள்வதைப் பித்தளை மேல்நோக்கி நீண்டு ஈடுசெய்யும். இவ்வமைப்பு இல்லையேல், வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு கூடினாலே எஃகூசற் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை நொடி பின்தங்கும்.

வெம்மை ஏறினால் திண்மம் ஏன் நீள்கிறது? அணுக்களைப் பிணைக்கும் விசை இருபுறமும் ஒத்ததன்று. அணுக்கள் நெருங்குங்கால் விலக்கம் கடுமையாய் எழும். விலகுங்கால் ஈர்ப்பு மெல்லத் தளரும். ஆகவே அதிர்வு பெருகப் பெருக அவற்றின் சராசரி இடைவெளி விரிகிறது. விரிந்த பிணைப்பு தளர்ந்த பிணைப்பு. அதனால் பொருளின் விறைப்பும் குறைகிறது. அவ்விறைப்பின் அளவே மீள்மைக் குணகம். தனிச்சுழி வெப்பநிலையை ஒட்டி அது பெரிதும் மாறாதிருந்து, பின்னர் வெம்மை உயர உயரப் பெரும்பாலும் நேர்கோடாய் இறங்கும்.

இவ்விரிவும் தளர்வும் நன்மையாகும் இடமும் உண்டு: வெப்பமின் பொருள்கள். தம் இருமுனைகளின் வெப்பநிலை வேறுபட்டால் மின்னழுத்தம் பிறப்பிப்பவை அவை. இவ்விளைவைச் சீபெக் 1821இல் கண்டார். இப்பொருள்கள் மின்னை எளிதாகவும் வெப்பத்தை அரிதாகவும் கடத்துதல் வேண்டும். ஈய டெலுரைடை நோக்குக: அதன் யங் குணகம் எஃகினதில் மூன்றில் ஒரு பங்கினும் குறைவு, வெப்ப விரிவோ எஃகினதைப்போல் ஒன்றரை மடங்கிற்கு மேல். பிணைப்பின் சமனின்மை அங்கு மிகுதி. அதனாலேயே அதனுள் செல்லும் வெப்ப அலைகள் ஒன்றோடொன்று மோதிச் சிதறுகின்றன. வெப்பம் கடக்கத் திணறுகிறது. கடிகாரம் செய்வோர் குறையென ஈடுகட்டிய இயல்பே இங்கு வேண்டப்படும் பண்பாகிறது. 2014இல் வியப்பூட்டும் திறன் காட்டிய வெள்ளீய செலினைடும் இவ்வகையதே. ஏறத்தாழ 800 கெல்வினில் அதன் படிக அமைப்பே மாறுகிறது.

வெம்மையால் விறைப்பு குறையும் இவ்விளகலை மீயொலியால் அளக்கலாம். சிறு செவ்வகக் கட்டியொன்றை அழுத்தமின் உணரிகளிடையே மூலைகளில் தாங்கி, அதிர்வெண்ணைப் படிப்படியாக உயர்த்துவர். கட்டி ஒத்திசையும் அதிர்வெண்கள் அதன் மீள்மைக் குணகங்களைக் காட்டிக்கொடுக்கும். குணகம் நூற்றுக்கு நான்கு குறைந்தால் அதிர்வெண் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு தாழும். சூடேற்றிய கட்டி ஆறிய பின்னும் அதிர்வெண் பழைய நிலைக்கு மீளாவிடில், உள்ளே நுண்வெடிப்பு விழுந்திருக்கக்கூடும்.

விறைப்பின் இம்மாற்றம் பொறியாளர்க்கு இன்றியமையாச் செய்தி. வெப்பமின் கருவியின் ஒருமுனை கனலும், மறுமுனை குளிரும். அதனால் எழும் தகைவானது மீள்மைக் குணகம், விரிவு, வெப்பநிலை வேறுபாடு ஆகிய மூன்றையும் பொறுத்தது. இப்பொருள்கள் எளிதில் நொறுங்குபவை ஆதலின், அறை வெப்பநிலையில் அளந்த ஒற்றை எண் கணக்கிற்குப் போதாது. கருவி எந்த வெம்மை வரை உழைக்குமோ, அதுவரைக்குமான மீள்மை வரைகோடு முழுவதும் வடிவமைப்போர் கையில் இருத்தல் வேண்டும்.