வாழையில் பனாமா வாடல் நோய்: கண்டறிவது எப்படி?



ஜொகூரில் வாழை முக்கியமான பழப்பயிர். பிசாங் பெராங்கான் இலை மஞ்சளானால் "உரம் பத்தலை" என்று சிலர் விட்டுவிடுவார்கள். அது பனாமா வாடல் நோயாகவும் இருக்கலாம். மண்ணில் வாழும் பியூசேரியம் என்ற பூஞ்சணம் வேர் வழியாக நுழைந்து, நீர் கடத்தும் சைலக் குழாய்களை அடைக்கிறது. மண்ணில் ஈரம் இருந்தும் மரம் வாடும். தேர்வில் காரணம் கேட்டால் இதை எழுத மறக்காதீங்க.

அறிகுறிகள்:

1. முதலில் அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகும். பிறகு காம்பு ஒடிந்து, இலைகள் பாவாடை போலத் தொங்கும்.
2. தண்டின் அடிப்பகுதி நீளவாக்கில் வெடிக்கலாம்.
3. தண்டை வெட்டினால் உள்ளே செம்பழுப்புக் கோடுகள் தெரியும்.

பாக்டீரியா வாடல் நோயிலும் இந்த நிறமாற்றம் உண்டு. எனவே வெட்டிய துண்டைத் தெளிந்த நீரில் தொங்கவிடுங்கள். பால் போன்ற இழை இறங்கினால் பாக்டீரியா. இறங்காவிட்டால் பூஞ்சணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆய்வுக்கூடச் சோதனைதான் உறுதி செய்யும்.

இந்தப் பூஞ்சணத்தின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். மருந்து தெளித்தாலும் போகாது. நோயுற்ற மரத்தின் பக்கக்கன்று பார்க்க நல்லாத்தான் இருக்கும். அதை வேறிடத்தில் நட்டால் நோயையும் சேர்த்தே நடுகிறோம். சப்பாத்தில் ஒட்டிய மண்ணும் போதும். சந்தேகம் வந்தால் கன்று எடுக்காதீர்கள். கத்தியையும் சப்பாத்தையும் கழுவிவிட்டு, விவசாய இலாகாவுக்குத் தெரிவியுங்கள்.