கறுத்துப் போன முனைக்கு ஈயம் பூசுவோம்

எல்லைக்கு இந்தப் பக்கம் பாறசாலை. அந்தப் பக்கம் களியக்காவிளை. இரண்டு பக்கமும் ரேடியோ, டி.வி., பல்பு பழுது பார்க்கும் கடைகள் உண்டு. கேரள அரசின் கெல்ட்ரான் நிறுவனம் 1973-ல் தொடங்கியது. அதன் டி.வி. பெட்டிகள் பல வீடுகளுக்கு வந்தன. பழுது பார்க்கும் வேலையும் கூடவே வந்தது.

இந்த வேலைக்கு முக்கியமான கருவி சால்டரிங் அயர்ன். அதன் முனையை 'பிட்' என்பார்கள். சூடான பிட் ஈயக் கம்பியை உருக்கும். உருகிய ஈயம் இரண்டு கம்பிகளை ஒட்ட வைக்கும்.

சில நாளில் பிட் கறுத்துவிடும். ஈயம் அதில் பிடிக்காது, உருண்டு விழும். ஒட்டு பார்வைக்கு நன்றாகத் தெரியும். இரண்டு நாளில் விட்டுவிடும். பொருள் திரும்பி வரும். கூலியும் போகும், பெயரும் போகும்.

ஏன் கறுக்கிறது?

பிட் செம்பால் ஆனது. அது 300 டிகிரிக்கு மேலும் சூடாகும். அந்தச் சூட்டில் காற்றில் உள்ள ஆக்சிஜன் செம்போடு சேரும். கறுப்புப் படலம் உண்டாகும்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். சூடாக்கி, நவச்சாரம் தூவித் துடைப்பார்கள். அழுக்கு போனதும் ஈயம் பூசுவார்கள். பிட்டுக்கும் இதே முறைதான். முதலில் சுத்தம். பிறகு ஈயம்.

புதுப்பிப்பது எப்படி?

பிட் இரண்டு வகை.

வெறும் செம்பு பிட்: பிளக்கைக் கழற்றுங்கள். பிட் ஆறட்டும். செம்பு நிறம் தெரியும் வரை அரத்தால் ராவுங்கள். பிறகு சூடாக்குங்கள். சூடு ஏறும்போதே ரோசினில் தொடுங்கள். ரோசின் என்பது பைன் மரப் பிசினில் இருந்து கிடைப்பது. உடனே ஈயம் பூசுங்கள். தாமதித்தால் மறுபடி கறுக்கும்.

முலாம் பூசிய பிட்: செம்பின் மேல் இரும்பு முலாம் இருக்கும். இதை ராவக் கூடாது. உப்புத்தாளும் கூடாது. முலாம் போனால் உருகிய ஈயம் செம்பைக் கரைத்துக் குழி ஆக்கிவிடும். சூடான பிட்டை ஈரமான ஸ்பாஞ்சில் துடையுங்கள். கறை போகாவிட்டால் பித்தளை நாரில் தேயுங்கள். ரோசினில் தொட்டு ஈயம் பூசுங்கள். இரண்டு மூன்று முறை செய்யுங்கள். குழி விழுந்திருந்தால் புது பிட்தான் வழி.

தினமும் செய்ய வேண்டியது

வேலை முடிந்ததும் முனையில் புது ஈயம் பூசுங்கள். பிறகு சுவிட்சை அணையுங்கள். வேலை இல்லாதபோது சூட்டில் விடாதீர்கள்.

கவனம் தேவை

ஈயம் இரண்டு வகை: வெள்ளீயம், காரீயம். பாத்திரத்துக்குப் பூச வேண்டியது வெள்ளீயம். '60-40' ஈயக் கம்பியில் 100 பங்குக்கு 40 பங்கு காரீயம். காரீயம் நஞ்சு. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். இந்தக் கம்பியால் சமையல் பாத்திர ஓட்டையை அடைக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். ரோசின் புகையும் மூச்சுக்கு ஆகாது.