மேசைக்குப் போகாமலே சாஃப்ட்வேர் நீக்கலாம்!

நாளை நாம் வேலைக்குச் சேரும் ஆபீசில், 200 கம்ப்யூட்டரில் உள்ள ஒரு சாஃப்ட்வேரை நீக்கச் சொன்னால் என்ன செய்வோம்? மேசை மேசையாக ஓட முடியுமா?

ஓட வேண்டாம். விண்டோஸில் எம்.எஸ்.ஐ. முறையில் பதிந்த ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் ஒரு ‘பிராடக்ட் கோடு’ உண்டு. அதைக் குறிப்பிட்டு, மைக்ரோசாஃப்ட் இன்ட்யூன் போன்ற நிர்வாகக் கருவி வழியாகக் கட்டளை அனுப்பினால், திரையில் எதுவும் கேட்காமலே நீங்கிவிடும். பதிலாக ஓர் எண் வரும். 0 என்றால் முடிந்தது. 3010 என்றால் முடிந்தது, ஆனால் ரீஸ்டார்ட் தேவை. 1605 என்றால் அந்த சாஃப்ட்வேர் அதில் பதியப்படவே இல்லை.

இத்தோடு வேலை முடிஞ்சதுன்னு நினைச்சிடாதீங்க! சில சாஃப்ட்வேர்களின் லைசென்ஸ் அந்தந்தக் கம்ப்யூட்டரோடு பிணைந்திருக்கும். முதலில் ‘டீஆக்டிவேட்’ செய்யாமல் நீக்கினால் சாஃப்ட்வேர் போய்விடும். லைசென்ஸ் மட்டும் பழைய கணக்கிலேயே நிற்கும். அடுத்தவருக்குக் கொடுக்க முடியாமல், மறுபடி காசு கொடுத்து வாங்க நேரலாம்.

ஆகவே வரிசை இதுதான்: உபயோகிப்பவரிடம் சொல்லி, அவர் வேலையை ‘சேவ்’ செய்யச் சொல்லுங்கள், லைசென்ஸை விடுவியுங்கள், ஒரு கம்ப்யூட்டரில் சோதியுங்கள், பிறகே மற்றவற்றில் நீக்குங்கள். ஒரு கட்டளை 200 பேரைத் தொடும். நிதானம் தேவை, நண்பர்களே!