8 கிலோமீட்டர் ஈஸி... 54 படிதான் கஷ்டம்!

வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது என்னென்னவோ கேட்கிறோம். மெட்ரோ வாட்டர் வருமா, கரண்ட்டுக்குத் தனி மீட்டரா, அட்வான்ஸ் எத்தனை மாசம், சுவரில் ஆணி அடிக்கலாமா, ஊரிலிருந்து அம்மா வந்து ஒரு மாசம் தங்கினால் மூஞ்சியைத் தூக்குவீர்களா... எல்லாம் கேட்போம். மாடிப்படி எத்தனை அடி அகலம் என்று மட்டும் கேட்க மாட்டோம்.

'காத்து பிச்சுக்கிட்டு வரும் ஸார்!' என்று ஓனர் சொன்னால், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்று அர்த்தம். 'ரொம்ப அமைதியான தெரு' என்றால், வண்டி உள்ளே வராது என்று அர்த்தம். வாடகைத் தமிழுக்குத் தனி அகராதியே போடலாம்.

கல்யாணமாகி 22 வருஷத்தில் இது எனக்கு ஏழாவது வீடு. எந்தப் பல்கலைக்கழகமும் இன்னும் டாக்டர் பட்டம் கொடுக்கவில்லை. போகட்டும்! கடைசியாக மாறியது திருவல்லிக்கேணியிலிருந்து மேற்கு மாம்பலத்துக்கு. தூரம் மொத்தமே 8 கிலோமீட்டர்தான். ஆனால் புறப்படுகிற இடத்தில் ஒரு சந்து. போய்ச் சேருகிற இடத்தில் மூன்று மாடி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவை ஒரு பீரோ, ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு வாஷிங் மெஷின், நான்.

முதலில் ஒரு கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த எடுப்பிலேயே, "ஐயாயிரத்து ஐந்நூறு ஸார். ஃபிக்ஸட்!" என்றார் அந்தப் பக்கத்து ஆசாமி.

"எத்தனையாவது மாடின்னு நீங்க கேக்கவே இல்லையே?"

"அதெல்லாம் பசங்க பாத்துப்பாங்க ஸார்!"

போனை வைத்துவிட்டேன். 'பசங்க பாத்துப்பாங்க' என்ற இதே வாக்கியத்தைத்தான் என் ஆபீஸ் நண்பர் ஒருவரும் வேறொரு கம்பெனியிடம் கேட்டிருந்தார். சாமான்கள் வண்டியில் ஏறி, வண்டி புது வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் சூப்பர்வைசருக்குக் கண் திறந்ததாம். "மூணாவது மாடின்னு சொல்லவே இல்லையே ஸார்... மாடிக்கு ஆயிரம். வண்டி தெருவுக்குள்ள போகாது, அதுக்குத் தனி..." என்று ஏற்றிக்கொண்டே போய் 11,000-ல் நிறுத்தினாராம். மனுஷனுடைய கட்டில், காஸ் அடுப்பு, பையனின் ப்ளஸ் டூ சர்டிஃபிகேட் எல்லாம் வண்டிக்குள்ளே. வெளியே நின்றுகொண்டு பேரம் பேசுகிறவருக்கு என்ன பலம் இருக்கும்? கொடுத்துவிட்டார். அந்தக் கூடுதல் பணத்தில் தங்களுக்கு ஒரு பைசா வராது என்று, தண்ணீர் வாங்கிக் குடிக்கும்போது அந்தப் 'பசங்களே' சொன்னார்களாம். அதுதான் அவருக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

அதனால் நான் எங்கள் பகுதி வண்டி ஸ்டாண்டில் விசாரித்து ஒரு மேஸ்திரியைப் பிடித்தேன். நெற்றியில் விபூதி, காதில் பீடி. வீட்டுக்கு வந்தவர் டி.வி.யைப் பார்க்கவில்லை, சோபாவைப் பார்க்கவில்லை. நேரே மாடிப்படிக்குப் போய்ச் சுவருக்குச் சுவர் சாண் போட்டார்.

"பீரோ உள்ளே வந்தப்போ எப்படி ஸார் வந்துச்சு? நிமித்தியா, சாச்சா?"

இதுவல்லவா கேள்வி! "சாச்சுத்தான்" என்றேன்.

"புது வீட்டுப் படியையும் பாத்துட்டு ரேட்டு சொல்றேன்" என்று என் ஸ்கூட்டரிலேயே ஏறிக்கொண்டார். அங்கே போய் ஒவ்வொரு படியாக எண்ணினார். மாடிக்கு 18 வீதம் 54. படி திரும்புகிற இடங்களில் நின்று அண்ணாந்து பார்த்தார். தெருவில் இரண்டு பக்கமும் நிற்கும் கார்களைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம் சொன்னார்:

"ஒம்பதாயிரம் ஸார். நாலு ஆளு, குட்டி யானை ரெண்டு நடை, மாடி, தெரு எல்லாம் சேத்து. அப்புறம் ஒரு ரூபா கேக்க மாட்டேன். நீங்களும் ஒரு ரூபா குறைக்கக் கூடாது."

என் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எட்டு கிலோமீட்டருக்கு ஒம்பதாயிரமா?"

"கிலோமீட்டர்ல ஓடறது வண்டிம்மா. அதுக்கு டீசல் ஊத்தினாப் போதும். படி ஏர்றது நாங்க!"

அன்று ராத்திரி அந்த வாக்கியத்தைக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரிய சாமான்களை விடுங்கள். எங்கள் வீட்டு மூட்டை, அட்டைப்பெட்டிகள் மட்டும் 64. நாலு பேர் என்றால் ஆளுக்கு 16 தடவை. தடவைக்கு 54 படி. 16 × 54 = 864 படிகள்! திருச்சி மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க நானூற்றுச் சொச்சம் படி. நாம் வெறுங்கையோடு ஏறுவதற்கே நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து, 'என்ன வெயில்!' என்று வெயில் மேல் பழி போடுகிறோம். இவர்கள் தலையில் சும்மாடும் மேலே பெட்டியுமாக ஒரே காலையில் இரண்டு தடவை ஏறுகிறார்கள். இதில் பீரோ கணக்கில் வரவில்லை.

சந்துக் கணக்கும் இதே மாதிரிதான். வண்டி தெருமுனையில் நின்றுவிட்டால், வாசலிலிருந்து 60 மீட்டர். ஆளுக்கு 16 நடை. சுமையோடு மட்டும் 960 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். வெறுங்கையோடு திரும்பி வருவது இன்னொரு கிலோமீட்டர். வண்டி ஓட்டும் 8 கிலோமீட்டருக்குப் பேரம் பேசுகிறோம். மனுஷன் நடக்கும் 2 கிலோமீட்டரை மறந்துவிடுகிறோம். நடுத்தெரு சண்டைகள் பாதிக்கு இதுதான் காரணம். மாடியும் சந்தும் முன்கூட்டியே கணக்கில் வந்துவிட்டால் ஏமாற்றவும் இடமில்லை, ஏமாறவும் இடமில்லை.

குட்டி யானை என்று நாம் செல்லமாகக் கூப்பிடும் டாடா ஏஸ் 2005-ல் வந்தது. அதற்கு முன்னால் சென்னைச் சந்துகளுக்கு மீன்பாடி வண்டிதான் கதி. குட்டி யானையின் அகலம் சுமார் 5 அடி. சாமான் வைக்கும் இடத்தின் நீளம் 7 அடி சொச்சம். இரண்டு பெட்ரூம் வீடு ஒரே நடையில் அடங்காது. 'பெரிய வண்டியா எடுத்தா ஒரே நடையில முடிஞ்சுடுமே' என்று தோன்றும். பெரிய வண்டி மெயின் ரோட்டில் நின்றுவிடும். பகல் நேரத்தில் லாரிகளுக்கு நகருக்குள் கட்டுப்பாடும் உண்டு. தெரு குறுகலாக இருந்தால், சின்ன வண்டி இரண்டு நடைதான் லாபம்.

சரி, 5 அடி வண்டி எங்கள் சந்துக்குள் எப்படி வந்தது? முதல் நாள் ராத்திரி வீடு வீடாகப் போய், "காலையில ஆறு மணிக்கு உங்க பைக்கைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கிறீங்களா?" என்று கேட்டேன். பதினோரு வருஷமாகப் பேசாதவர்கள்கூட, நான் காலி பண்ணுகிறேன் என்றதும் சந்தோஷமாகத் தள்ளிக்கொண்டார்கள்! மாம்பலத்தில் கீழ்வீட்டுக் கார்க்காரர், "நான் ஒன்பது மணிக்கு முன்னாடி எழுந்திருக்க மாட்டேனே" என்றார். சாவியை அவர் மனைவியிடம் கொடுத்து வைக்கச் சொன்னேன். வண்டி இரண்டு இடத்திலும் வாசலுக்கே வந்தது. நாலு பேருக்கும் ஆளுக்கு 2 கிலோமீட்டர் நடை மிச்சம். செலவு? வாய் வார்த்தை!

காலை ஆறு மணிக்கே ஆரம்பிப்பதும் முக்கியம். ஏழரை ஆகிவிட்டால் ஸ்கூல் வேன், பால் வண்டி, தண்ணீர் லாரி எல்லாம் சந்துக்கு வந்துவிடும். நாளும் அப்படித்தான். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். தை பிறந்தாலோ, ஆவணி வந்தாலோ, முகூர்த்த ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. அதற்கு என் மாமியார் ஒரு வழி சொன்னார். நல்ல நாளில் ஒரு குடம் தண்ணீர், சாமி படம், பால் பாத்திரத்தோடு போய்ப் பால் காய்ச்சிவிட்டு வந்துவிட வேண்டியது. சாமான்களைக் கூட்டமில்லாத வார நாளில் ஏற்றிக்கொள்ள வேண்டியது. சாஸ்திரத்துக்கும் சரி, பர்ஸுக்கும் சரி.

அடுத்தது சாமான்கள். இரும்பு பீரோ சாதாரணமாக ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலே ஆழம். நேர்ப்படியில் சாய்த்துக் கொண்டுபோய்விடலாம். படி திரும்புகிற இடத்தில் நிமிர்த்தித்தான் திருப்ப வேண்டும். அங்கே மேல்தளம் தாழ்வாக இருந்தால் அவ்வளவுதான். அதற்காகத்தான் மேஸ்திரி அண்ணாந்து பார்த்தது! 'படியில போகலேன்னா பால்கனி வழியா கயிறு கட்டி ஏத்திடலாம்' என்பார்கள். பால்கனிக்கு முன்னால் மின்கம்பி போகிறதா என்று பார்க்காமல் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்குள் ஆட்டத்தை அடக்குவதற்காகக் கான்கிரீட் கட்டி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தக் கனம். டிரம்மை அசையாமல் பிடிக்க, வாங்கும்போது ஒரு செட் போல்ட் கொடுத்திருப்பார்கள்; தேடி எடுத்து மாட்டுங்கள். ஃப்ரிட்ஜை முதல் நாளே அணைத்து, காலி பண்ணி, நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். போன உடனே ஸ்விட்சைப் போடாமல் சில மணி நேரம் விட வேண்டும். கிரைண்டர் கல்லைத் தனியே எடுத்துவிடுங்கள். கட்டிலின் போல்ட், நட்டுகளை ஒரு கவரில் போட்டுக் கட்டில் காலிலேயே கட்டுங்கள். புத்தகங்களைச் சின்னப் பெட்டியில், தலையணைகளைப் பெரிய பெட்டியில் போடுங்கள். எங்கள் வீட்டு அறிஞர், அதாவது என் பையன், இதைத் தலைகீழாகச் செய்ய இருந்தான். மேஸ்திரி ஒரு முறை முறைத்தார்.

அவர் முறைத்ததில் நியாயம் இருக்கிறது. ஓர் ஆண் கையால் சுமக்கிற எடை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்திருக்கிறது. அதுவும் உச்ச வரம்புதான். மூன்று மாடிக்கு அல்ல. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காக 1982-ல் ஒரு சட்டம் வந்தது. அவர்களுக்கு நல வாரியமும் இருக்கிறது. இருந்தும், முதுகு பிடித்துக்கொண்டால் மறுநாள் கூலி கிடையாது என்பதுதான் அவர்கள் நிலைமை.

எங்கள் பீரோ இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டது. நாலு பேரில் மூத்தவருக்கு ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். கீழ்ப்பக்கம் பிடித்திருந்தவர் அவர்தான். மொத்தக் கனமும் அவர் மேல். அவருடைய கெண்டைக்கால் சதை நடுங்குவதை நான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து எதிர் ஃப்ளாட் மாமா கதவைத் திறந்துகொண்டு வந்து, "லெஃப்ட்ல வாங்கு! லெஃப்ட்ல வாங்கு! சுவத்துல இடிக்கிறே பாரு!" என்று கமெண்ட்ரி ஆரம்பித்தார். கேரளாவில் சுமை தூக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதற்கே கூலி கேட்கும் 'நோக்குகூலி' என்ற பழக்கம் இருந்தது. 2018 மே 1 முதல் அரசு அதைத் தடை செய்தது. எங்கள் மாமா கூலி கேட்காமலே நோக்கினார்!

"கொஞ்ச நேரம் சும்மா இருங்க ஐயா" என்றார் மேஸ்திரி மரியாதையாக. பீரோவைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, எல்லாரையும் உட்கார வைத்தார். என் மனைவி மோர் கொடுத்தாள். பத்து நிமிஷம். அப்புறம் அடியில் சாக்கைப் போட்டு, நிமிர்த்தி, ஒரு முனையிலேயே சுழற்றித் திருப்பினார்கள். சுவரில் ஒரு கீறல் இல்லை. மூத்தவரை மேல்பக்கத்துக்கு மாற்றிவிட்டுத்தான் மறுபடி தூக்கினார்கள். அந்தப் பத்து நிமிஷத்துக்கும் சேர்த்துத்தான் ஒம்பதாயிரம் என்று எனக்கு அப்போது புரிந்தது. அவசர ரேட் பேசுகிற கம்பெனியில் அந்தப் பத்து நிமிஷம் கிடைக்காது.

நீங்கள் வீடு மாறும்போது ஒரு வெள்ளைத்தாளில் இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள்: இரண்டு வீடும் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, வண்டி வாசலுக்கு வருமா, வராவிட்டால் எத்தனை அடி நடக்க வேண்டும், எத்தனை ஆள், எத்தனை நடை, கட்டிலைக் கழற்றி மாட்டுவது யார், உடைந்தால் யார் பொறுப்பு, மொத்தம் எவ்வளவு. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் கொஞ்சமாகக் கொடுங்கள். பாக்கி, கடைசிச் சாமான் உள்ளே வந்த பிறகு. காலி பண்ணுகிற வீட்டின் படிச்சுவரைச் சாமான் இறக்குவதற்கு முன் போனில் படம் எடுத்து வையுங்கள். ஓனர் உங்கள் அட்வான்ஸில் பெயின்ட் அடிக்காமல் இருப்பார். நகையும் சர்டிஃபிகேட்டும் உங்கள் கைப்பையில்.

இத்தனைக்கும் பிறகு, 'மூணு மாடிக்கு இவ்வளவா?' என்று மனசு அடித்துக்கொண்டால் ஒன்று செய்யுங்கள். 20 லிட்டர் வாட்டர் கேன் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு புது வீட்டு மாடிப்படியை ஒரே ஒரு தடவை ஏறிப் பாருங்கள். வெறும் 20 கிலோதான். மேலே போய்ச் சேர்ந்ததும் பேரம் பேச வாயில் மூச்சு மிச்சமிருந்தால்... தாராளமாகப் பேசுங்கள்!