ஒரு சுரப்பு, பல வாங்கிகள்

எங்கள் பாடசாலையில் ஒன்றரைக்குக் கடைசி மணி அடிக்கும். பிள்ளைகள் ஓடுவார்கள், கன்டீன்காரர் அடுப்பை அணைப்பார், காவலாளி கேட்டைத் திறப்பார். மணி ஒன்றுதான்; கேட்பவரைப் பொறுத்து வேலை மாறுகிறது. அதிரினலின் என்னும் ஓமோன் உடம்புக்குள் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

தமிழ் வாத்தியாருக்கு இதிலென்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் உம்மாவுக்கு நீண்டகாலமாகத் தொய்வு. கை நடுங்குகிறது என்று அவர் சொன்னதும் பக்கத்து வீட்டு மாமி தன்னுடைய புரொப்பிரனலோல் குளிசையில் இரண்டைக் கொண்டுவந்தார். "எனக்கு நடுக்கம் நின்ட மருந்துதான், போடுங்க ராத்தா." அன்பில் குறையில்லை. உம்மா அதைப் போடாமல் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டினார். டொக்டர் அன்று சொன்னதுதான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் இருக்கும் சுரப்பிகளிலிருந்து அதிரினலின் இரத்தத்தில் கலக்கிறது. கலங்களின் மேற்பரப்பிலுள்ள சில புரதங்கள் அதைப் பற்றிக்கொண்டு செய்தியை உள்ளே கடத்துகின்றன. விஞ்ஞானப் பாடநூல் இவற்றை வாங்கிகள் என்கிறது, நல்ல சொல். இவை ஒரே இனமல்ல, அல்பா, பீற்றா என இரண்டு என்று 1948இல் அமெரிக்கரான ரேமண்ட் அல்குவிஸ்ட் எழுதினார். பின்னர் அவற்றுக்குள்ளும் உட்பிரிவுகள் கண்டறியப்பட்டன.

இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள அல்பா ஒன்று அதிரினலினைப் பிடித்தால் குழாய் சுருங்கும், பிறசர் ஏறும். இதயத்திலுள்ள பீற்றா ஒன்று பிடித்தால் துடிப்பு கூடும். சுவாசக் குழாயிலுள்ள பீற்றா இரண்டு பிடித்தாலோ நேர்மாறு: தசை தளர்ந்து குழாய் விரியும்.

உம்மா இழுக்கும் சல்பியூட்டமோல் பம்ப் தட்டுவது இந்தப் பீற்றா இரண்டைத்தான். அதனால் மூச்சு திறக்கிறது. ஆனால் கைத் தசைகளிலும் அதே வாங்கி இருக்கிறது. அதுவும் தட்டப்படுவதால் நடுக்கம். மாமியின் குளிசை பீற்றா வாங்கிகளை அடைத்துவிடும், ஒன்று இரண்டு என்று பார்ப்பதில்லை. நடுக்கம் நின்றிருக்கும். கூடவே சுவாசக் குழாயும் இறுகியிருக்கும். பம்ப் இழுத்தாலும் சரியாக வேலை செய்யாது. தொய்வுக்காரருக்கு இது உயிராபத்து.

அந்தக் குளிசையைக் குறை சொல்லவும் முடியாது. இதயத்துக்கு ஒட்சிசனைக் கூட்டிக் கொடுப்பதற்குப் பதிலாக அதன் வேலையைக் குறைத்தால் என்ன என்று யோசித்தவர் ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளக். அந்த யோசனையில் 1960களில் பிறந்ததுதான் புரொப்பிரனலோல். 1988இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த அற்றெனலோல், பிசோப்பிரோலோல் போன்றவை இதயத்தின் பீற்றா ஒன்றையே பெரிதும் நாடுகின்றன. பெரிதும்தான், முழுக்க அல்ல.

எனக்கு வியப்பாக இருந்தது கண் மருந்து. கண்ணின் அழுத்தத்தைக் குறைக்க விடும் டிமோலோல் துளியும் பீற்றா அடைப்பிதான். கண்ணிலிருந்து மூக்குக்கு இறங்கி இரத்தத்தில் கலந்து தொய்வைக் கிளப்பக்கூடியது. கண் டொக்டரிடம் போகிறவர்கள் நெஞ்சு வருத்தத்தை ஏன் சொல்லப்போகிறார்கள்? சொல்லத்தான் வேணும்.

இதயத்துக்காக இவ்வகைக் குளிசை குடிக்கிறவர்கள் "இப்ப சுகம்தானே" என்று தாமாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. நீண்டநாள் அடைபட்டிருக்கும்போது உடம்பு வாங்கிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. அடைப்பு ஒரேயடியாக நீங்கினால் அத்தனையும் சேர்ந்து அதிரினலினைப் பிடிக்கும். நெஞ்சுவலியோ மாரடைப்போ வரலாம். அதனால்தான் டொக்டர்மார் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள்.